ஆடு என்னும் மூலதனம்
நவஹோ மக்களின் கம்பளியும் சாயமும் தறியும்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் இலத்தீன் சொல்லோ கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்பதிலிருந்து பிறந்தது. நாணயமும் காசோலையும் தோன்றுவதற்கு முன்பே மனிதன் தன் சேமிப்பைப் பட்டியில் அடைத்து வைத்திருந்தான் என்பதற்கு இச்சொற்களே சான்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்கள் இந்தப் பழைய உண்மையை இன்றளவும் வாழ்ந்து காட்டுகின்றனர். 'ஆடே வாழ்வு' என்பது அவர்கள் நாவில் அடிக்கடி வரும் சொல். அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு கொண்டாட்டத்தின் பெயரும் அதுவே.

இந்த வாழ்வு இருமுறை ஏறத்தாழ அழிக்கப்பட்டு, இருமுறையும் மீண்டது. ஒரு செல்வத்தை அதன் உடைமையாளர் ஓர் அளவுகோலாலும் வெளியார் வேறோர் அளவுகோலாலும் அளக்கும்போது என்ன நேரும் என்பதை அவ்வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

குடும்பத்தின் கணக்குப் புத்தகம்

நவஹோ மக்கள் தம்மைத் 'தினே' என்று அழைத்துக்கொள்கின்றனர். 'மக்கள்' என்பது அதன் பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அவர்களது தன்னாட்சி நிலம் விரிந்துள்ளது. செம்மண் பாறைகளும் மேட்டுநிலங்களும் மழை அரிதான புல்வெளிகளும் நிறைந்த நாடு அது. உழவுக்கு ஏற்ற நிலம் குறைவு. மேய்ச்சலே நெடுங்காலமாகப் பெரும்பாலோரின் பிழைப்பு.

அவர்களுடையது தாய்வழிச் சமுதாயம். குழந்தை தாயின் குலத்தைச் சார்கிறது. ஆடுகள் அனைத்தும் ஒரே மந்தையாக மேய்ந்தாலும் ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனி உடைமையாளர் உண்டு. காதில் இடப்படும் வெட்டுக்குறி உடைமையைக் காட்டும். சிறு பிள்ளைக்கும் ஓர் ஆட்டுக்குட்டி தரப்படும். அது வளர்ந்து ஈனும் குட்டிகள் யாவும் அப்பிள்ளைக்கே உரியவை. முதல் ஓர் ஆடு. அதன் குட்டிகள் வட்டி. ஆண்டுதோறும் கத்தரிக்கப்படும் கம்பளி இடைக்கால வருவாய். பிள்ளை பருவம் எய்தும்போது அவன் பெயரிலோ அவள் பெயரிலோ ஒரு சிறு மந்தையே சேர்ந்திருக்கும். திருமணத்திற்குப் பின்னரும் பெண்ணின் ஆடுகள் பெண்ணுக்கே சொந்தம். கணவனின் உடைமையோடு அவை கலப்பதில்லை.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை ஆட்டுப்பட்டியின் மண்ணில் புதைக்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. அப்பிள்ளை எங்கு சென்றாலும் அதன் மனம் மந்தையையும் மண்ணையும் நாடித் திரும்பும் என்பது நம்பிக்கை.

தண்ணீர் அதிகம் கேளாத கம்பளி

இம்மண்ணுக்கு இந்தச் செம்மறியாடு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 1540இல் கொரோனாடோவின் படையெடுப்போடும், 1598இல் ஓன்யாட்டேயின் குடியேற்றத்தோடும் ஸ்பானியர் கொண்டுவந்த 'சுர்ரோ' என்னும் இனம் அது. வணிகத்தாலும் சூறையாடல்களாலும் அது நவஹோ மக்களின் கைக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்களது நெசவைப் பற்றிய குறிப்புகள் ஸ்பானிய ஆவணங்களில் காணப்படுகின்றன. நெசவுக் கலையை அண்டை அயலாரான புவெப்லோ மக்களிடமிருந்து அவர்கள் கற்றனர் என்பது ஆய்வாளர் கருத்து. தினே மக்களின் மரபோ வேறு. சிலந்திப் பெண் என்னும் தெய்வமே நெய்யக் கற்றுத் தந்தாள் என்றும், சிலந்தி ஆண் தறியை அமைத்துக் கொடுத்தான் என்றும் அவர்கள் சொல்லி வருகின்றனர். கேன்யான் டி ஷே என்னும் பள்ளத்தாக்கில் 200 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் சிலந்திப் பாறை அவளது உறைவிடமாகப் போற்றப்படுகிறது.

சுர்ரோ ஆட்டின் உடல் இரட்டைப் போர்வை கொண்டது. வெளியே நீண்ட முரட்டு மயிர். உள்ளே மென்மையான குறு மயிர். முன்னது மழையையும் புழுதியையும் தடுக்கும்; பின்னது குளிரைத் தடுக்கும். இரண்டையும் சேர்த்து நூற்கும்போது உறுதியும் பளபளப்பும் ஒருங்கே அமைந்த இழை கிடைக்கிறது. சில கடாக்களுக்கு நான்கு கொம்புகள் இருப்பதும் இவ்வினத்தின் தனித்தன்மை. வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சாம்பல் என இயற்கையிலேயே பல நிறங்கள் உண்டு.

இக்கம்பளியின் மிகப்பெரிய சிறப்பு, அதில் கொழுப்புப் பசை குறைவு என்பதே. மெரினோ போன்ற இனங்களின் கம்பளியில் கொழுப்பு மிகுதி. பலமுறை வெந்நீரில் அலசினால்தான் அது நீங்கும். தண்ணீரை நெடுந்தொலைவிலிருந்து சுமந்து வரவேண்டிய நாட்டில் அது இயலுமா? இன்றும் குழாய் நீர் எட்டாத வீடுகள் அங்குப் பல. சுர்ரோவின் கம்பளியோ உதறினாலே பெருமளவு தூய்மையாகிவிடும். எஞ்சியதை யுக்கா செடியின் வேரை நசுக்கிக் கிடைக்கும் நுரையில் சிறிதளவு நீரைக்கொண்டு அலசிவிடலாம். இழைகள் நீளமாகவும் சுருளின்றியும் இருப்பதால் கையால் நூற்பதும் எளிது. நம் நாட்டுத் தக்களியை ஒத்த, ஆனால் அதனினும் நீண்ட ஒரு கதிரைத் தரையில் ஊன்றித் தொடைமேல் உருட்டி அவர்கள் நூற்கின்றனர்.

செடியிலிருந்து நிறம் பிறக்கும் விதம்

சாயத் தொழிலில் தேவையானவை மூன்று: நிறம் தரும் பொருள், அந்நிறத்தைக் கம்பளியோடு பிணைக்கும் நிறமூன்றி, பொறுமை. நவஹோ நிலத்தில் மண்ணிலிருந்து இயல்பாகவே கிடைக்கும் படிகாரம் நிறமூன்றியாகப் பயன்படுகிறது. ராபிட்பிரஷ் என்னும் புதர்ச்செடியின் மஞ்சள் மலர்களை வேகவைத்து, வடித்த நீரில் படிகாரத்தைக் கரைத்துக் கம்பளியை இட்டால் ஒளிமிகுந்த மஞ்சள் கிடைக்கும். காட்டு வால்நட்டின் மேல்தோல் ஆழ்ந்த பழுப்பு நிறத்தைத் தரும். சப்பாத்திக்கள்ளிப் பழம் இளஞ்சிவப்பைத் தரும். ஆனால் அதைக் கொதிக்கவிட்டால் நிறம் கெட்டுவிடும். எனவே நாட்கணக்கில் வெதுவெதுப்பிலேயே ஊறவிடுவர்.

கறுப்பு நிறத்தின் ஆக்கம் வியப்புக்குரியது. சுமாக் செடியின் இலைகளையும் கிளைகளையும் மணிக்கணக்கில் கொதிக்கவைப்பர். மற்றொரு புறம் இரும்புச் சத்துள்ள காவிமண்ணைப் பின்யோன் பைன் மரத்தின் பிசினோடு சேர்த்துக் கரும்பொடியாகும் வரை வறுப்பர். இரண்டையும் கலக்கும்போது இலையின் துவர்ப்புச் சத்தும் மண்ணின் இரும்பும் இணைந்து அழியாத கறுப்பு உண்டாகிறது. கடுக்காயையும் இரும்பையும் கொண்டு நம் முன்னோர் மையும் கருஞ்சாயமும் செய்த முறையின் வேதியியலும் இதுவே. இத்தகைய முறைகளை நோனபா பிரையன் என்னும் நவஹோ ஆசிரியை ஸ்டெல்லா யங் என்பாருடன் இணைந்து தொகுத்தார். 1940இல் வெளிவந்த அந்நூல் இன்றும் சாயமிடுவோருக்குக் கையேடாக விளங்குகிறது.

செழுமையான சிவப்பு மட்டும் அந்நிலத்தின் செடிகளிலிருந்து எளிதில் கிட்டவில்லை. எனவே நெசவுப் பெண்கள், வணிகர் கொண்டுவந்த 'பயேட்டா' என்னும் இறக்குமதிச் சிவப்புக் கம்பளித் துணியை இழை இழையாகப் பிரித்து, அந்நூலைத் தம் போர்வைகளில் ஊடையாக இட்டனர். பிற்கால ஆய்வுகளில் இந்நூல்களின் சாயம் பகுத்தாராயப்பட்டது. பலவற்றில் மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சியின் சாயம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட சிலவற்றில் இருந்ததோ அரக்குச் சாயம். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியிலிருந்து பெறப்படும் அதே சாயம். கீழைக் காடுகளில் பிறந்த ஒரு நிறம் ஐரோப்பியச் சாயப் பட்டறைகளைக் கடந்து, அமெரிக்கப் பாலைநிலத்தின் தறியொன்றில் இடம்பெற்றது என்பது வணிக வரலாற்றின் இனிய வியப்புகளுள் ஒன்று.

நிமிர்ந்த தறி

நவஹோ தறி நிமிர்ந்து நிற்பது. நெய்பவர் அதன்முன் தரையில் அமர்ந்து கீழிருந்து மேலாக நெய்கிறார். ஓடம் இல்லை, ஊடை நூலைக் கையாலேயே சிறிது சிறிதாகச் செலுத்தி, மரச்சீப்பால் தட்டி இறுக்குவர். தாளில் வரைந்த மாதிரி எதுவும் பெரும்பாலும் இல்லை. கோலம் முழுவதும் நெஞ்சில்தான். பாவு அறுபடாத ஒரே நூலாகச் சுற்றப்படுவதால் நெய்து முடித்த கம்பளத்தின் நான்கு ஓரங்களும் கரையோடு அமையும். வெட்டிவிட்ட குஞ்சம் இராது. கரை சூழ்ந்த சில கம்பளங்களில் உட்பகுதியிலிருந்து விளிம்பு வரை ஒரு மெல்லிய கோடு ஓடுவதைக் காணலாம். நெய்தவரின் எண்ணம் அக்கம்பளத்துக்குள்ளேயே அடைபட்டுவிடாமல் அடுத்த நெசவுக்குச் செல்வதற்கான வழி அது என்பர்.

இவ்வளவுக்கும் எத்தனை உழைப்பு? 1973இல் நவஹோ சமுதாயக் கல்லூரி இதைக் கணக்கிட்டது. தேர்ந்த நெசவாளிக்கு ஆட்டின் கம்பளியைக் கத்தரித்துப் பக்குவப்படுத்த 45 மணி, நூற்க 24 மணி, சாயம் காய்ச்சித் தோய்க்க 60 மணி, நெய்ய 215 மணி, விற்க 1 மணி; ஆக மொத்தம் 345 மணி. பொருளின் விலை முடிவாவது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் என்பதை நினைவில் கொண்டால், இனி வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

முதல் அழிவும் மீட்சியும்

1863-64ஆம் ஆண்டுகளில் கிட் கார்சன் தலைமையில் அமெரிக்கப் படை நவஹோ நாட்டில் புகுந்தது. பயிர்கள் எரிக்கப்பட்டன, பழத்தோட்டங்கள் வெட்டப்பட்டன, ஆடுகள் கொல்லப்பட்டன. 8,000க்கும் மேற்பட்ட மக்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டு, போஸ்க் ரெடோண்டோ என்னுமிடத்தில் சிறைவைக்கப்பட்டனர். 'நெடுநடை' என்று அத்துயரத்தை அவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். படைக்குத் தப்பிய சில குடும்பங்கள் தம் ஆடுகளோடு எட்டாத பள்ளத்தாக்குகளில் மறைந்து வாழ்ந்தன.

1868 ஜூன் 1 அன்று கையெழுத்தான உடன்படிக்கை அவர்களைத் தாய்மண்ணுக்குத் திரும்ப வழிசெய்தது. அதன் விதிகளுள் ஒன்று, 30,000 டாலருக்கு மேற்படாத செலவில் 15,000 செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் வாங்கித் தரவேண்டும் என்பது. இழப்பீடு ஆடாக வந்தது. அதுவே சரியான மூலதனமாகவும் அமைந்தது. கிடைத்தவற்றை உடனே உணவாக்கிவிடாமல் பெருக்கினர். சில பத்தாண்டுகளில் மந்தைகள் பல லட்சமாக வளர்ந்தன.

எடைக்கல்லின் ஆட்சி

அடுத்து வந்தன வணிக நிலையங்கள். 1878இல் கனாடோவில் லாரென்சோ ஹப்பெல் விலைக்கு வாங்கிய நிலையம் அவற்றுள் புகழ்பெற்றது. இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம். இளவேனிலில் கம்பளி, இலையுதிர் காலத்தில் குட்டிகள் என ஆண்டுக்கு இருமுறை கணக்கு நேராகும். இடைப்பட்ட மாதங்களில் மாவும் காப்பியும் சர்க்கரையும் கடனாகக் கிடைக்கும். வெள்ளி, நீலக்கல் அணிகளை அடகு வைத்தும் பொருள் பெறுவர். அடகு வைத்த நகையைச் சடங்குகளின்போது அணிந்துகொள்ள இரவலாகத் தந்த வணிகரும் உண்டு. ஆண்டு முழுவதும் பணமாகக்கூடிய ஒரே பொருள் கம்பளம்தான்.

ஆனால் பல வணிகர்கள் கம்பளத்தை எடைபோட்டு வாங்கினர். விளைவை ஊகிக்கலாம். நுண்ணிய நூலும் நெருங்கிய நெசவும் எடையில் குறைந்தன. ஆகவே விலையும் குறைந்தது. சரியாக அலசாத, அழுக்கும் கொழுப்பும் கலந்த தடித்த கம்பளம் எடையில் மிகுந்தது. அளவுகோல் தவறானதால் பொருளின் தரமும் தாழ்ந்தது. இந்நிலையை மாற்ற முயன்ற வணிகரும் இருந்தனர். ஹப்பெல் சிவப்புக் கம்பளங்களின் தரத்தை ஊக்குவித்தார். டூ கிரே ஹில்ஸ் வட்டாரத்தில் ஆட்டின் இயற்கை நிறங்களையே கலந்து நெய்யும் மரபு வளர்ந்தது. 1920களில் சின்லியிலும், அடுத்த பத்தாண்டில் வைட் ரூயின்ஸிலும் செடிச்சாயங்கள் புத்துயிர் பெற்றன.

இரண்டாம் அழிவு

1930களில் மேய்ச்சல் நிலம் அளவுக்கு மீறித் தேய்ந்து மண் அரிக்கப்படுவதாகவும், அம்மண் புதிய ஹூவர் அணையின் நீர்த்தேக்கத்தில் படிந்துவிடும் என்றும் அரசு அஞ்சியது. மண்ணரிப்பு உண்மையே, வறட்சியும் மேய்ச்சல் நெருக்கமும் மறுக்க முடியாதவை. தீர்வாக, ஜான் கோலியர் தலைமையிலான அலுவலகம் கால்நடைகளைக் குறைக்க ஆணையிட்டது. ஒரு குதிரை ஐந்து ஆட்டுக்கும், ஒரு மாடு நான்கு ஆட்டுக்கும் சமம் எனக் கணக்கிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது.

அந்தக் கணக்கில் புல்லின் அளவு இருந்தது. பெண்களின் உடைமை இல்லை. ஆண்கள் மட்டுமே அமர்ந்த மன்றத்தோடு அரசு பேசியது. பெரும்பாலான ஆடுகளுக்கு உரிமையாளரான பெண்களைக் கேட்கவில்லை. ஏற்றிச் செல்ல வழியில்லாத இடங்களில் விலங்குகள் சுடப்பட்டு அங்கேயே அழுகக் கிடந்தன. தம் கண்முன் சேமிப்பு மண்ணாவதைக் கண்ட முதியோர், அதை நெடுநடைக்கு ஒப்பான துயரமாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

இதற்கு முன்பே 'இன மேம்பாடு' என்னும் பெயரில் வேற்றினக் கடாக்கள் புகுத்தப்பட்டிருந்தன. இறைச்சி கூடியது, ஆனால் கம்பளி கொழுப்பு மிகுந்து, சுருண்டு, கைநூற்புக்கு ஒவ்வாததாயிற்று. கைநெசவுக்கேற்ற கம்பளியை மீட்டுருவாக்க 1935இல் ஃபோர்ட் விங்கேட்டில் அரசே ஓர் ஆய்வகத்தை அமைக்க நேர்ந்தது. ஆயினும் 1970களில் தூய சுர்ரோ ஆடுகள் 450க்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன.

ஆடே வாழ்வு: கொண்டாட்டமும் கணக்கெடுப்பும்

1977இல் கால்நடை அறிஞர் லைல் மெக்னீல் 'நவஹோ ஆட்டுத் திட்டம்' என்ற முயற்சியைத் தொடங்கினார். தொலைவான பள்ளத்தாக்குகளில் முதியோர் விடாது காத்துவந்த ஆடுகளைத் தேடிக் கண்டு, இனத்தைப் பெருக்கி, மீண்டும் நவஹோ குடும்பங்களிடமே சேர்ப்பது அதன் நோக்கம். 1986இல் இனப்பதிவுக்கென ஒரு சங்கம் அமைந்தது. 1991இல் நவஹோ மக்களே 'தினே பே இயினா' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். 'மக்களின் வாழ்வுமுறை' என்பது அப்பெயரின் பொருள். இவ்வமைப்பு நடத்துவதுதான் தொடக்கத்தில் குறிப்பிட்ட 'ஆடே வாழ்வு' கொண்டாட்டம்.

கோடையில் நடைபெறும் இக்கொண்டாட்டம், செய்லி ஊரிலுள்ள தினே கல்லூரி வளாகத்தில் பல ஆண்டுகள் நிகழ்ந்துள்ளது. முன்னர்க் கூறிய ஒவ்வொரு தொழிலும் அங்கே மக்கள் கண்முன் நடக்கிறது. கைக்கத்தரியால் ஆடு கத்தரிக்கப்படுகிறது. கத்தரித்த கம்பளி மேசைமேல் விரிக்கப்பட்டு, நீளம், பளபளப்பு, இரட்டைத் தன்மை, தூய்மை ஆகியவற்றைக் கையால் தொட்டு ஆராய்ந்து நடுவர்கள் மதிப்பிடுகின்றனர். சாயப் பானைகள் கொதிக்கின்றன. நூற்பும் நெசவும் கற்பிக்கப்படுகின்றன. எடைக்கல்லுக்கும் மேய்ச்சல் அட்டவணைக்கும் புலப்படாத மதிப்பு, அறிந்தவர் விரல்களால் அளக்கப்படும் இடம் அது. பாட்டியிடம் கற்க வாய்ப்பில்லாமல் நகரங்களில் வளர்ந்தவர்களும் அங்கு வந்து கற்றுச் செல்கின்றனர்.

செப்டம்பரில் விண்டோ ராக்கில் நிகழும் நவஹோ தேசியப் பெருவிழாவிலும் ஆட்டுக்குத் தனியிடம் உண்டு. அதையொட்டி 1952 முதல் தேர்ந்தெடுக்கப்படும் 'நவஹோ நங்கை' பட்டத்துக்குப் போட்டியிடும் இளம்பெண்கள், தாய்மொழியில் பேசுவதோடு, ஓர் ஆட்டை மரபுமுறைப்படி அறுத்துப் பக்குவப்படுத்தியும் காட்டவேண்டும். தலை, குடல், இரத்தம் என எதுவும் வீணாகக்கூடாது. ஒரு குடும்பத்தைத் தாங்கும் ஆற்றல் அவளுக்கு உண்டா என்பதே அத்தேர்வின் வினா.

விலை சொல்லும் உரிமை

நியூ மெக்சிகோவின் கிரவுன்பாயிண்ட் என்னும் சிற்றூரில் 1968 முதல் நெசவாளர்கள் தாமே கம்பளங்களைக் கொண்டுவந்து ஏலத்தில் விற்கும் வழக்கம் தொடங்கியது. வாங்குவோர் ஏலத்துக்கு முன் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்க்கலாம். நெய்தவரோடு நேரில் பேசலாம். விற்ற தொகையில் பெரும்பங்கு நெய்தவருக்கே செல்கிறது. வேறு நாடுகளில் மலிவாக நெய்த போலிகள் சந்தையில் பெருகியதால், பழங்குடியினர் ஆக்காத பொருளை அவர்களது ஆக்கம் என்று விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நம் நாட்டில் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிகளை வாங்குவோருக்கு இத்தகைய பாதுகாப்பின் தேவை நன்கு விளங்கும்.

ஆயினும் பழைய கணக்கு இன்னும் நேராகிவிடவில்லை. 2012இல் கலிபோர்னியாவில், 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய நவஹோ போர்வையொன்று 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வெள்ளையும் பழுப்பும் அவுரி நீலமுமாக எளிய பட்டைகள் கொண்ட போர்வை அது. அதை நெய்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

இன்று பதிவுபெற்ற சுர்ரோ ஆடுகள் சில ஆயிரம் உள்ளன. அரிய இனமாகவே அது இன்னும் கருதப்படுகிறது. வறட்சியும் இளைஞரின் வேலைத் தேட்டமும் மந்தைகளை நெருக்கித்தான் வருகின்றன. எனினும் ஒவ்வோர் இளவேனிலிலும் குட்டிகள் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏதோ ஒரு குழந்தையின் பெயரில் காதுக்குறி பெறுகிறது. அக்குழந்தை தன் முதல் சேமிப்பைக் கையால் தடவி, தண்ணீர் காட்டி, காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போது, அதன் மதிப்பை அளக்க வேறெவரிடமும் கேட்கவேண்டிய தேவை அதற்கு இல்லை.